சரிவில் ஏழு குருத்துகள்

மார்ச் 4

சின்னவளுக்கு,

பெரியவள் எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நலம். அங்கே நீயும் என் கொழுந்தனும் நலமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். போனில் கூப்பிட்டால் இரண்டு மணி அடித்ததும் துண்டாகிவிடுகிறது. இதுவரை ஒன்பது முறை. கடிதத்தை அப்படித் துண்டிக்க முடியாது. பிரித்தால்தான் யாருடையது என்று தெரியட்டும் என்று உறையின் பின்னால் பெயர் எழுதவில்லை. ஏமாற்று வேலைதான். காலைப் பிரார்த்தனையில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். நீ நட்டாயே, இலை சிவக்கும் சுமாக் செடி, அது மறுபடி முளைத்திருக்கிறது.

போன ஆகஸ்ட் 23-ஆம் தேதி ஆளை வைத்து வெட்டி, அடிக்கட்டையையும் தோண்டி எறிந்தாயிற்று. அதை நீயும் நின்று பார்த்தாய். அன்றைக்கே நீங்கள் இருவரும் மாடி வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனீர்கள். ஆறு மாதம் அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. இன்று குப்பை கொட்டக் கொல்லைப்பக்கம் போனபோது, ஓடையை நோக்கி இறங்கும் சரிவில், சுண்டுவிரல் கனத்தில் ஒரு குருத்து. மேலெல்லாம் கன்றுக்குட்டிக் காது மாதிரிப் பூனைமுடி. கூடையை வைத்துவிட்டு எண்ணினேன். மொத்தம் ஏழு. ஐந்து சரிவில், இரண்டு சமையலறைச் சுவரை ஒட்டி.

பிடுங்கிவிடலாம் என்று மண்வெட்டியை எடுத்தேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். போன தடவை உன்னைக் கேட்காமல் செய்தேன். இந்தத் தடவை கேட்டுச் செய்வோம் என்று தோன்றியது. உன் மாமாவிடம் சொன்னதற்கு, “மறுபடியுமா!” என்று கழுத்தைச் சொறிந்துகொண்டே உள்ளே போய்விட்டார்.

பிடுங்கவா, விடவா? ஒரு வரி எழுது. போதும்.

பெரியவள்

மார்ச் 13

அக்கா,

பெயர் எழுதாமல் விட்டால் தெரியாதா? மளிகை டப்பாக்களின் மேல் ‘திறந்த தேதி’ எழுதி ஒட்டுகிற அதே கை. உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அலமாரி மேல் மூன்று நாள் கிடந்தது. “பிரிச்சாத்தான் என்ன, உள்ளே பாம்பா இருக்கு?” என்றார் உங்கள் கொழுந்தன். “விஷம் வளர்க்கிறவளே நான்தானே, பாம்புக்கு நான் ஏன் பயப்படணும்?” என்றேன்.

நீங்கள் சொன்ன வார்த்தைதான் அது. மறந்திருந்தால் எடுத்துக் கொடுக்கிறேன். மாமாவுக்குக் கழுத்தில் தடிப்பு வந்தது. மருந்துக்கடைக்காரர் போனில் எதையோ படித்துவிட்டு, “சுமாக்கா? அது விஷச்செடியாச்சே” என்றார். மறுநாள் மரம் வெட்டுகிற ஆள் வந்தார். அவர், மருந்துக்கடைக்காரர், மாமா, இவர், நான்கு ஆண்பிள்ளைகள் நிற்கும்போது என்னைப் பார்த்து, “நீ இந்த வீட்டுக்குள்ள வந்த பிறகுதான் விஷமும் கூட வந்துச்சு” என்றீர்கள். இந்த வாசலில் இனிக் கால் வைக்க மாட்டேன் என்று நான் சொன்னேன். இன்றைக்கும் அதுதான் என் பேச்சு.

நம் சண்டையில் செடி ஒரு வார்த்தையும் பேசவில்லை, அதனால் அதற்காக எழுதுகிறேன்.

சுவர் ஓரத்து இரண்டும் வேண்டாம். மண்ணை விலக்கி, வேரிலிருந்து பிரியும் இடத்தில் வெட்டுங்கள். மேலே கிள்ளினால் ஒன்றுக்கு மூன்றாக வரும். மறுபடி வந்தால் மறுபடி வெட்டுங்கள். பால் பட்டால் சிலருக்குக் கொஞ்சம் அரிக்கும், முழுக்கை போட்டுக்கொண்டு, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். சரிவில் இருக்கும் ஐந்தையும் விட்டுவிடுங்கள். தண்ணீர் வேண்டாம். உரம் வேண்டாம். வறண்ட மண்ணிலேயே காலங்காலமாக வளர்கிற செடி அது, கவனிக்காமல் விட்டால்தான் நன்றாக வரும்.

கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க, எதிரே இருக்கிற எழுத்து தெரிகிறதா என்று கேட்கிற வேலை எனக்கு. உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். செடியைத் தொட்டால் தொட்ட கையில்தானே அரிக்க வேண்டும்? மாமாவுக்கு ஏன் காதுக்குப் பின்னால் வந்தது? காதால் செடி நட்டாரா?

சின்னவள்

ஏப்ரல் 6

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான்காவது முறைதான் அழாமல் படிக்க முடிந்தது.

சுவர் ஓரத்து இரண்டையும் நீ சொன்னபடியே வெட்டினேன். உன் மாமாவின் முழுக்கைச் சட்டை, கையுறை, மூக்குக்கு ஒரு துணி. என்னைப் பார்த்து, “பேங்க் கொள்ளையடிக்கப் போறியா?” என்றார்.

சரிவில்தான் தப்புப் பண்ணிவிட்டேன். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம் என்று நீ எழுதியதைப் படித்த பிறகும் எனக்கு மனசு கேட்கவில்லை. வெட்டிப் போட்ட ஒன்று தானாகத் திரும்பி வந்து நிற்கும்போது, வெறுங்கையோடு பார்த்துக்கொண்டிருப்பது எப்படி? காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம். மக்கின காய்கறித்தோல் இரண்டு கூடை. பன்னிரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தன. பதின்மூன்றாம் நாள் அடி இலை மஞ்சளானது. மூன்றாவது குருத்து தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. பிழைக்குமா? நேற்றுப் பிரார்த்தனையில் அதற்கும் சேர்த்துக் கேட்டேன். செடிக்காக வேண்டிக்கொள்வது சரியா தவறா தெரியவில்லை.

காது விஷயம். ஆமாம், காதுக்குப் பின்னால்தான். கழுத்து, நெற்றி ஓரம். கையில் ஒரு பொட்டுகூட இல்லை. இன்னொன்றும் இருக்கிறது, மறைத்தால் பாவம். செடி போன பிறகும் அந்தத் தடிப்பு வருகிறது. பிப்ரவரியில் வந்தது, மார்ச்சில் வந்தது. வேர் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறதே, அதன் காற்று பட்டிருக்குமோ?

பெரியவள்

ஏப்ரல் 12

அக்கா,

வேரின் காற்றா! கடையில் உட்கார்ந்து படித்தேன். சிரித்த சிரிப்பில், எதிரே எழுத்துப் பலகை படித்துக்கொண்டிருந்த பெரியவர், தான்தான் தப்பாகப் படித்துவிட்டோம் என்று பயந்துவிட்டார்.

முதலில் செடி. குடத்தைக் கவிழ்த்து வையுங்கள். மக்கின உரத்தை வழித்து எடுத்து வேறு எதற்காவது போடுங்கள். சுமாக்குக்கு ஈரம் தேங்கினால் வேர் அழுகும். பட்டினி கிடந்து பழகிய செடிக்கு விருந்து வைத்தால் வாந்திதான் எடுக்கும். தலை தொங்கினதை அப்படியே விடுங்கள். பிழைத்தால் பிழைக்கட்டும்.

அந்த மருந்துக்கடைக்காரர் படித்தது வேறு செடி. அதுவும் இதன் சொந்தக்காரச் செடிதான், சதுப்பில் வளரும், வெள்ளைக் காய் தொங்கும், தொட்டால் கொப்புளம் போடும். நம்முடையது மேட்டில் வளரும், காய் பிடித்தால் சிவப்பாக நிமிர்ந்து நிற்கும். பெயரில் பாதி ஒன்று, அவ்வளவுதான். இதை அன்றைக்கே சொன்னேன். யாருடைய காதும் அன்று வேலை செய்யவில்லை.

அந்த இடத்தில் ஏன் நட்டேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அழகுக்கு என்று நினைத்திருப்பீர்கள். ஒவ்வொரு மழைக்கும் சரிவு ஒரு சாண் கரைந்துகொண்டிருந்தது. கரைந்துகொண்டே வந்தால் கடைசியில் உங்கள் சமையலறைதான். நான் செடி வாங்கிய நர்சரியை நடத்துகிற அம்மா சொன்னார், இதன் வேர் பக்கவாட்டில் ஓடிப் பாய் பின்னுவதுபோல் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று.

கடைசியாக ஒன்று. நீங்கள் நம்புவது இரண்டே இரண்டைத்தான், ஒன்று கடவுள், இன்னொன்று அந்த நீல அட்டை நோட்டு. சிலிண்டர் மாற்றிய நாள் முதல் பல்லி விழுந்த நாள் வரை அதில் இருக்கிறது. மாமாவுக்குத் தடிப்பு வந்த நாள்களும் இருக்கும். அத்தனையையும் ஒரே தாளில் எழுதி, கண்ணெதிரே வைத்துப் பாருங்கள். எழுத்து தெரிகிறதா?

சின்னவள்

மே 2

சின்னவளுக்கு,

இது நான்காவது கடிதம். மூன்றைக் கிழித்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றே நோட்டைப் புரட்டி, தேதிகளை ஒரு தாளில் எழுதினேன். மே 18, ஜூன் 15, ஜூலை 13, ஆகஸ்ட் 10. அப்புறம் செடி இல்லாத மாதங்கள். எல்லாம் திங்கட்கிழமை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சரியாக நான்கு வாரம், பிசகே இல்லை. எந்தச் செடி கிழமை பார்த்துக் கடிக்கும்? விரல் விட்டு எண்ணினேன். அடுத்தது ஏப்ரல் 19, திங்கள். தடிப்புக்கு முந்தின நாள் என்ன நடக்கிறது என்று பார்க்க, 18, ஞாயிற்றுக்கிழமை, நான் எங்கும் போகவில்லை.

சில ஞாயிறுகளில் காலையில் உன் மாமா குளியலறைக்குள் போனால் ஒரு மணி நேரம் ஆகும். வயதாகிறது, நிதானமாகக் குளிக்கிறார் என்றுதான் ஒரு வருடமாக நினைத்திருந்தேன். கதவுக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். தலையில் துண்டோடு வெளியே வந்தார்.

“என்னங்க, தலையில என்ன?”

“துண்டு.”

“துண்டுக்குக் கீழே?”

“தலை.”

“அதுக்கு நடுவுல?”

துண்டை இறுக்கிக் கட்டினார். காதோரமாகக் கறுப்பாக ஒரு கோடு வழிந்துகொண்டிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். வெந்நீர் பாய்லருக்குப் பின்னால் சாயப் பொட்டலம். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது ஐந்தாவது வரைதான், மீதியெல்லாம் மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கிற தாள்களைப் படித்துக் கற்றது என்று உனக்குத் தெரியும். இதற்குள்ளும் ஒரு தாள் இருந்தது. அவரை நிற்க வைத்துச் சத்தமாகப் படித்தேன். ‘உபயோகிக்கும் முன் காதுக்குப் பின்புறம் சிறிது தடவி நாற்பத்தெட்டு மணி நேரம் காத்திருக்கவும். தடிப்பு, அரிப்பு ஏற்பட்டால் உபயோகிக்க வேண்டாம்.’

கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். “கிடங்குக்குப் புது மேனேஜர் வந்திருக்கான்ல, முப்பது வயசு. லோடுமேன் அத்தனை பேர் முன்னாடியும், ‘சார், உங்களுக்கு ரிட்டயர்மென்ட் எப்போ?’ன்னு கேட்டான். எனக்கு இன்னும் ஒன்பது வருஷம் இருக்கு.”

“சரி. செடியை வெட்டும்போது வாயில என்ன வெச்சிருந்தீங்க?”

“மருந்துக்கடைக்காரர் செடின்னு சொன்னார். எனக்கும் செடியாத்தான் இருக்கும்னு தோணுச்சு. பாதி.”

“மீதிப் பாதி?”

தலையைக் குனிந்துகொண்டார். கூடப்பிறந்த தம்பி பெட்டியோடு படியிறங்கும்போதும் அந்த மீதிப் பாதியை வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை.

மூன்றாம் நாள் நோட்டை மறுபடி எடுத்தேன். போன ஜூலையில் அவர் பத்து நாள் வெளியூர்ப் பயிற்சிக்குப் போனார். ஜூலை 16-க்கு நேரே என் கையெழுத்து இப்படி இருக்கிறது: ‘திரும்பி வந்தார். அங்கே 13-ஆம் தேதி காதுக்குப் பின்னால் மறுபடி தடித்ததாம். விடுதித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போலும்.’ அவர் செடியின் பக்கத்திலேயே இல்லாதபோது வந்திருக்கிறது. அதை எழுதியதும் நானே. ஒரு மாதம் கழித்து அரிவாளோடு ஆளைக் கூட்டி வந்ததும் நானே. எழுதி வைப்பேன், எழுதியதைப் பார்க்க மாட்டேன் என்றால் அது என்ன நோட்டு?

உன் செடி விஷம் இல்லை. நீயும் இல்லை. என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.

மூன்றாவது குருத்து தலை தூக்கிவிட்டது.

பெரியவள்

ஜூன் 30

சின்னவளுக்கு,

இரண்டு மாதமாக உன் பதில் வரவில்லை. கேட்கவும் மாட்டேன். ஒரு தகவல் மட்டும்.

மூன்று நாள் விடாத மழை. நேற்று விடியும்போது ஒரு சத்தம். துணி காயப் போடுகிற கம்பத்தோடு சரிவில் இடதுபக்கம் ஆறடி மண் ஓடைக்குள் போய்விட்டது. வலதுபக்கம், உன் ஐந்து நிற்கிற இடம், ஒரு பிடி மண்கூட நகரவில்லை. சமையலறை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. குடையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.

பெரியவள்

ஜூலை 9

அக்கா,

சாய விஷயத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தேன். மறுநாள் வேலைக்குப் போகவில்லை, படுத்தே கிடந்தேன். என் செடியை வெட்டி, எங்களை ஊரை விட்டு ஊர் அனுப்பியது ஒரு மயிர்ச்சாயப் பொட்டலமா? இதைவிட உண்மையிலேயே விஷமாக இருந்திருக்கலாம்.

இவர் என் மாதிரி இல்லை. அன்றைக்கே மாமாவுக்கு போன் போட்டு, “அண்ணா, என்ன கலர்?” என்று கேட்டார். “கறுப்புதான்டா” என்றார் மாமா. அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள். பத்து நிமிஷம் பேசினார்கள். எட்டு மாதத்துச் சண்டை பத்து நிமிஷத்தில் தீர்ந்துபோனது. ஆண்பிள்ளைகளுக்கு எல்லாம் சுலபம்.

எனக்குச் சுலபமாக வரவில்லை. சாயம் மாமாவுடையது. வார்த்தை உங்களுடையது. ஏழு வருடம் உங்கள் கையால் சாப்பிட்டவள் நான். என் அம்மாவிடம் சொல்லாததைக்கூட உங்களிடம் சொல்லியிருக்கிறேன். கழுத்தில் நான்கு தடிப்பு வந்ததும், ‘விஷம்’ என்று என்னைப் பார்த்துச் சொல்ல உங்களுக்கு எப்படி வந்தது? அது அந்த நிமிஷத்தில் வந்ததா, முன்னாலிருந்தே உள்ளே இருந்ததா? எல்லாவற்றையும் எழுதுகிறவராயிற்றே, அன்றைக்கு நோட்டில் அந்த வார்த்தையை எழுதினீர்களா? எனக்குத் தெரிய வேண்டும்.

நானும் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். அன்று அந்த ஆள் தோண்டி எறிந்ததில் பென்சில் கனத்தில் ஒரு துண்டு வேரை ஈரத்துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மூன்றாவது மாடி பால்கனியில், பெயின்ட் பக்கெட்டின் அடியில் ஓட்டை போட்டு, படுக்க வைத்துப் புதைத்தேன். மார்ச்சில் முளைத்தது. உங்களுடையது முளைத்த அதே வாரம். இரண்டும் பேசி வைத்துக்கொண்டனவோ என்னவோ. இப்போது முழங்கால் உயரம். ஆனால் வேர் பக்கெட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது, ஓட்டை வழியாகக்கூட எட்டிப் பார்க்கிறது. அது தரையைக் கேட்கிறது. என்னிடம் தரை இல்லை.

சமையலறை தப்பியது நல்லது. கம்பம் போனால் போகட்டும்.

சின்னவள்

செப்டம்பர் 21

சின்னவளுக்கு,

இரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டது. சில காரியங்களை முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

நீ கேட்டதற்கு முதலில் பதில். ஆகஸ்ட் 23-க்கு நேரே நோட்டில் இரண்டே வரி இருக்கிறது. ‘செடி வெட்டியாயிற்று. பாலில் அரை லிட்டர் குறைக்கச் சொல்ல வேண்டும்.’ அவ்வளவுதான். என் வார்த்தையை எழுதவில்லை. நீங்கள் இருவரும் போனதையும் எழுதவில்லை. இரண்டு பேர் போனதை அரை லிட்டர் பாலாக எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்த பிறகு ஒரு வாரம் நோட்டையே தொடவில்லை.

முன்னாலிருந்தே உள்ளே இருந்ததா என்று கேட்டாய். யோசித்துப் பார்த்தேன். இருந்தது. அந்தக் கொல்லையில் பதினெட்டு வருடமாக நான் வைத்த எதுவும் என் இடுப்பைத் தாண்டி வளர்ந்ததில்லை. நீ ஒரு குச்சியை நட்டாய், மூன்றே வருடத்தில் என் தலைக்கு மேல் போனது. இலை சிவக்கும் மாதங்களில் ஓடைப் பக்கம் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, “யார் வெச்சது?” என்று கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் உன் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. சின்ன விஷயம்தான். கடவுளிடம்கூடச் சொன்னதில்லை, அவ்வளவு சின்னது. மருந்துக்கடைக்காரர் விஷம் என்றதும் அது வாய் வழியாக வெளியே வந்துவிட்டது. விஷம் எங்கே இருந்தது என்று இப்போது உனக்குத் தெரியும்.

அந்த வார்த்தையை நான்கு பேர் முன்னால் சொன்னேன். நான்கு பேரிடமும் திருப்பி எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். உன் மாமாவிடம் சொன்னேன். கொழுந்தனிடம் போனில் சொன்னேன், “விடுங்க அண்ணி” என்றான். மருந்துக்கடைக்கு நேரில் போய், “நீங்க படிச்சது வேற செடி, நான் பேசினது தப்பு” என்றேன். அவர் முகம் சிறுத்துப்போய் எனக்கு இருமல் மிட்டாய் இரண்டு கொடுத்தார். மரம் வெட்டுகிறவரைக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆயிற்று. எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். தலையைச் சொறிந்துவிட்டு, “எந்தச் செடிம்மா? நான் தினம் நாலு வெட்டறேன்” என்றார். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

அப்புறம் நீ போகிற அந்த நர்சரிக்குத் தனியாகப் போனேன். இரண்டு பஸ் மாறி. நான் தனியாக வெளியூர் பஸ்ஸில் ஏறியது இதுதான் முதல் தடவை, இறங்கும் இடம் வரை கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டே போனேன். அந்த அம்மாவிடம், நம் செடி நன்றாகப் பூத்தும் மூன்று வருடத்தில் ஒருதரம்கூடக் காய்க்கவில்லையே என்று கேட்டேன். பூ எப்படி இருந்தது என்று விசாரித்துவிட்டு, “உங்களுது ஆண் செடிம்மா. ஜம்பமா நிக்கும், பூக்கும், காய் மட்டும் பெண் செடியிலதான்” என்றார். “எங்க வீட்டு ஆம்பளைங்க மாதிரியேதான்” என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பூவாளி கீழே விழுந்தது. காய் பார்த்துத் தேர்ந்தெடுத்து ஒரு பெண் செடி கொடுத்தார். மண் போன இடதுபக்கத்தில் நட்டிருக்கிறேன். நட்ட அன்று ஒரு குடம், அந்த வாரம் இன்னொன்று, பிறகு வாரம் ஒருமுறை. அதற்கு மேல் ஒரு சொட்டு ஊற்றவில்லை. கை துறுதுறுவென்று வந்தால் உள்ளே போய்ப் பாத்திரம் தேய்க்கிறேன்.

இன்னும் ஒன்று. வாசலில் கால் வைக்க மாட்டேன் என்று சொன்னாய். கடவுள் காதில் விழும்படி சொன்ன சொல். அதை உடைக்கும்படி நான் கேட்க மாட்டேன். ஆனால் ஓடைப் பக்கத்துப் பாதையிலிருந்து சரிவில் ஏறினால் நம் கொல்லை. உன் மாமா இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே படி வெட்டினார். இப்போது ஞாயிறுகளில் அவருக்கு வேறு வேலை இல்லை, தலையெல்லாம் வெள்ளையாகிவிட்டது, கழுத்தும் சுத்தமாகிவிட்டது. உன் செடிகளின் வேரில் ஒன்றுகூட வெட்டுப்படாமல் வளைத்து வளைத்துப் பதினொரு படி. எட்டாவது மட்டும் கொஞ்சம் ஆடுகிறது.

படிக்கு மேலே, கொல்லையில், ஒரு குழி தோண்டி வைத்திருக்கிறேன். பெயின்ட் பக்கெட்டின் அளவு எனக்குத் தெரியாததால் இரண்டு மடங்காகத் தோண்டினேன். உரம் எதுவும் போடவில்லை.

உறைக்குள் ஒரு இலை இருக்கும். மூன்றாவது குருத்தினுடையது, தலை தொங்கியதே, அது. இந்த வருடம் முதலில் சிவந்தது அதுதான்.

பெரியவள்

அக்டோபர் 3

அக்கா,

இலை முழுசாக வந்தது. கடையில் எழுத்துப் பலகையின் ஓரத்தில் செருகி வைத்திருக்கிறேன். கண் பரிசோதிக்க வருகிறவர்கள் முதல் வரியை விட்டுவிட்டு அதைத்தான் பார்க்கிறார்கள். “யார் வெச்சது?” என்று ஒருவர் கேட்டார். “எங்க அக்கா வீட்டுல இருந்து வந்துச்சு” என்றேன். சொல்லிவிட்டுத்தான் கவனித்தேன், ‘எங்க’ அக்கா என்று சொன்னதை.

நீங்கள் எழுதிய அந்தச் சின்ன விஷயத்தைப் பலமுறை படித்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது, கொஞ்சம். ஆனால் அது என்ன என்று இப்போது தெரிந்துவிட்டது. தெரியாதபோதுதான் தூக்கம் வரவில்லை. இரண்டு பஸ் மாறிப் போனீர்களா நீங்கள்? மருந்துக்கடைக்குப் போகவே துணைக்கு ஆள் தேடுகிறவர் நீங்கள்!

“கொல்லைப்பக்கமா ஏறினாலும் அதுவும் ஒரு வாசல்தானே?” என்று இவர் வக்கீல் மாதிரி ஆரம்பித்தார். “அக்கா கடவுள்கிட்ட பேசி ஏற்பாடு பண்ணிருக்காங்க, நடுவுல நீங்க வாயைத் திறக்காதீங்க” என்றேன். மூடிக்கொண்டார்.

17-ஆம் தேதி ஞாயிறு காலை வருகிறோம். ஓடைப் பாதையில் வண்டி வராது, பக்கெட்டை இவர் தூக்குவார். எட்டாவது படியை அதற்குள் சரி பண்ணச் சொல்லுங்கள், பக்கெட்டோடு இவர் உருண்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும். குழியின் அளவு சரி. நட்ட பிறகு முதல் தண்ணீர் மட்டும் நீங்கள் ஊற்றுங்கள். ஒரு குடம். அளந்து.

இப்போதைக்கு நான்கு நாள் இருப்போம். அதற்கு மேல் என்னை ஒன்றும் கேட்காதீர்கள். இடம் மாறிய செடியைப் பற்றி முதல் வருடத்தில் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது, வேர் பிடிக்கட்டும்.

நோட்டில் 17-ஆம் தேதிக்கு நேரே இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். பால்காரரிடமும் மறக்காமல் சொல்லுங்கள், அரை லிட்டர் கூட.

சின்னவள்